தாய்மாமனுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

கோபுரம் கூடாது, கோயில் யானை கூடாது, ஜிகர்தண்டா டம்ளர் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் மதுரையில் பத்துப் படம் எடுத்து வா என்று எங்கள் துறை ஆசிரியை சொன்னபோது, மதுரைக்கே போகாதே என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் கோயம்புத்தூர்க்காரி. சென்னையில் காட்சித் தொடர்பியல் கடைசி வருடம். மதுரையை அதுவரை ரயில் ஜன்னல் வழியாக, அதுவும் பாதித் தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

விடுதியில் என் அறையில் இருக்கும் இரண்டு பேருமே மதுரைக்காரிகள். பர்ஹானாவின் வீடு தெற்குவாசல் பக்கம், பழைய ஊருக்குள். செல்வியின் வீடு சமயநல்லூரில். செல்விக்கு ஊருக்குப் போக வேறு வேலையும் இருந்தது. அவளுடைய அக்கா பூங்கொடியின் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் காதுகுத்து. "நீயும் வாடி. படம் எடு, கறிச்சோறு தின்னு" என்றாள். கறிச்சோறு என்று சொல்லும்போது வழக்கமாக அவள் முகத்தில் வரும் வெளிச்சம் அன்று வரவில்லை.

பர்ஹானா வீட்டில் இறங்கியதும் அவளுடைய அம்மா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டோம் என்று சொன்னேன். எங்கள் ஊரில் இந்தப் பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இங்கே அதிலிருந்துதான் தொடங்கியது. இடியாப்பம் வந்தது, ஆட்டுக்கால் பாயா வந்தது, போதும் என்று தட்டின் மேல் கையை விரித்தால் விரல் இடுக்கில் ஊற்றினார்கள். "ரயிலுல தின்னது ரயிலோட போச்சுத்தா. இது வீடு" என்றார் அவர். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்த வேண்டியிருந்தது.

அன்று பகல் முழுக்க மாசி வீதிகளில் நடந்தோம். மதுரையில் மறைந்திருந்து படம் எடுப்பது நடக்காத காரியம். கேமராவைக் கண்டதும் பாத்திரக்கடைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார். வளையல் கடை அக்கா, "இருத்தா, மூஞ்சியத் தொடச்சுக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டு, பவுடரோடு திரும்பி வருகிறார். மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவர் மூட்டையோடு அப்படியே நின்று, "எந்தப் பேப்பருல வரும்?" என்று கேட்டார். எந்தப் பேப்பரிலும் வராது, படிப்புக்கு என்றேன். "அப்பறம் எதுக்கு இம்புட்டு நேரம் நிக்க வச்ச?" என்று திட்டிவிட்டுப் போனார். நான் அவரை நிற்கச் சொல்லவே இல்லை.

மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனோம். தண்ணீர் இருந்தது. நடுவில் இருக்கும் மண்டபம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதில் கோபுரமும் இருந்தது. எனவே குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்பவர்களை எடுத்தேன். அந்தச் சுவரில் உட்கார்ந்துதான் செல்வி தன் பயத்தைச் சொன்னாள்.

பூங்கொடியின் கல்யாணத்தன்று நடந்த விருந்தில், மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பில் பந்தி நடந்திருக்கிறது. செல்வியின் அண்ணன் துரைப்பாண்டி தன் கூட்டாளிகளோடு உட்கார்ந்த பந்தியில் கறி தீர்ந்துவிட்டது. வெறும் குழம்பு வந்தது. எலும்பாவது இருக்கிறதா என்று ஒரு கூட்டாளி கேட்க, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "இதுக்குத்தேன் வந்தீகளா?" என்றாராம். அவ்வளவுதான். இலைகள் மூடப்பட்டன, சட்டைகள் கிழிந்தன. அன்றிலிருந்து துரைப்பாண்டி தங்கச்சி வீட்டுக்காரரோடு பேசவில்லை. பூங்கொடி தன் கணவனுக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்று அவளோடும் பேசவில்லை. நான்கு வருடம் ஆகிறது. இடையில் பிள்ளை பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டது. மாமன் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாய்மாமன் மடியில வச்சுத்தேன் காது குத்தணும். அண்ணே வரலேன்னா எங்கக்கா அந்த ஊருல தல நிமிந்து நடக்க முடியாது" என்றாள் செல்வி. "எங்கம்மா அழுது பொரண்டு சம்மதிக்க வச்சிருக்கு. சீர் கொண்டு வாரேன், மடியில வச்சுக்கிறேன், அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், ஒருத்தங்கூடவும் பேச மாட்டேன்னு அண்ணே சொல்லிருச்சு. ஏதாச்சும் ஒரு சின்ன விசயம் கோணுச்சுன்னாலும் அப்பிடியே திரும்பிரும்டி."

சுண்டலுக்காக ஒரு குடும்பமே நான்கு வருடம் பேசாமல் இருக்குமா என்று எனக்குத் தோன்றியது. சுண்டல் இல்லை, கறி. ஆனாலும் எங்கள் வீட்டில் சண்டை என்றால் எல்லோரும் மெதுவாக, மரியாதையாக, 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் ஒன்றும் சுகமான விஷயமில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் ஏறி, மூன்று பேரும் பேச்சுச் சுவாரசியத்தில் தப்பான பக்கம் போய்விட்டோம். ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு பெட்ரோல் பங்கும், ஒரு நாயும், நிறைய வெயிலும் இருந்தன. உள்ளூர்க்காரிகள் இரண்டு பேர் கூட இருந்தும் வழி தவறியது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. செல்வி தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

துரை அண்ணன் குட்டியானையில் வந்தார். கோயில் யானைதானே கூடாது, இது சரக்கு ஏற்றும் குட்டி வண்டி. காய்கறி மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்கு வெங்காயம் கொண்டுபோவது அவர் தொழில். முப்பதைத் தாண்டியவர், அடர்ந்த மீசை, வாயைத் திறந்தால் கிண்டல். "ஒங்க ஊருல பஸ்ஸு சொன்ன நேரத்துக்கு வருமாம்ல? பெறகு எதுக்கும்மா இங்கிட்டு வந்து கஷ்டப்படுற?" என்றார். நாங்கள் மூவரும் பின்னால் வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டோம். அன்றைக்கு நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாமே அந்த உயரத்திலிருந்து எடுத்தவை. மூட்டைகளோடு மூட்டையாக இருந்ததால் யாரும் காலரைச் சரிசெய்யவில்லை.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் கறிதோசை வாங்கித் தந்தார். தோசை மேல் முட்டை, முட்டை மேல் கறி. பர்ஹானா தோசையைத் தொடாமல் மேலே இருந்ததை மட்டும் முடித்தாள். பிறகு ஒரு பருத்திப்பால் கடையில் நிறுத்தினார். கருப்பட்டி இனிப்போடு, சுக்கு வாசனையோடு, தொண்டையில் சூடாக இறங்கியது. வண்டியில் சாய்ந்துகொண்டு துரை அண்ணன் ஏதோ நக்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது செல்விக்குப் போன் வந்தது. "சொல்லுக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவர் பேச்சு நின்றது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். காது மட்டும் செல்வியின் பக்கம் இருந்தது. அந்த நேரத்தில் படம் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படங்களைப் பார்த்தபோது, இதுதான் இந்தப் பயணத்தின் நல்ல படம் என்று தெரிந்தது. ஒரே தொல்லை, அவர் தலைக்குப் பின்னால் பெயிண்ட் கடைப் பலகை ஒன்று பச்சையும் மஞ்சளுமாகக் கத்திக்கொண்டிருந்தது. கருப்பு வெள்ளையாக மாற்றினேன். பலகை அடங்கியது. முகம் மேலே வந்தது. எங்கள் மூவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அண்ணன நல்லாத்தேன் எடுத்திருக்க. கலரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் பர்ஹானா. அது கலைநயம், உனக்குப் புரியாது என்றேன். இப்போது யோசித்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அடுத்த நாள் சீர்ச் சாமான்களோடு சமயநல்லூருக்குப் புறப்பட்டோம். பித்தளை அண்டா, தாம்பாளங்கள், பழக்கூடைகள், ஒரு கிடாய், நாங்கள் மூவர். ஊருக்குள் நுழையும் முன்பு கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. இறங்கித் தள்ளினோம். கிடாய் மட்டும் இறங்கவில்லை, மேலே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து நான்கைந்து பேர் ஓடி வந்து தள்ளினார்கள். "எங்கண்ணே இம்புட்டுச் சீரு?" என்று ஒருவர் கேட்டார். "தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து" என்றார் துரை அண்ணன். சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. அது எனக்கு மட்டும் கேட்டதா என்று செல்வியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

அன்று மாலை செல்வி வீட்டில் ஆளுக்கொரு வேலை. நான் தட்டுகளை எண்ணெய் போட்டுத் துடைத்தேன், பர்ஹானா பழங்களை அடுக்கினாள். செல்வி போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பேசியது பூங்கொடியின் கணவர் ராசு. அவருக்கு ஒரு யோசனை. மச்சானை வரவேற்று ஊர் முக்கில் பெரிதாக ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். பேசத்தான் மாட்டார், பார்க்கவாவது செய்வார் அல்லவா? "மச்சான் படம் கெத்தா ஒண்ணு அனுப்புத்தா. அவருக்குத் தெரிய வேணாம்" என்றிருக்கிறார். செல்வியின் போனில் இருந்த அண்ணன் படம் எல்லாவற்றிலும் அவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு யாருடைய தோளிலாவது தொங்கிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அனுப்பிவிட்டாள். எங்களிடம் சொல்லவில்லை, எங்களுக்கும் அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தாளாம். இருந்தது.

ஞாயிறு வெள்ளனவே கிளம்பினோம். முன்னால் குட்டியானை, பின்னால் சொந்தக்காரர்கள் ஏறிய இரண்டு வேன்கள். திருமங்கலம் தாண்டியதும் பச்சை குறைந்துகொண்டே வந்தது. கரிசல் காடு, பருத்தி, சோளம், மற்ற இடமெல்லாம் கருவேலம். எங்கள் ஊர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் தூரத்தில் ஒரு நீல மலை இருக்கும். இங்கே பல இடங்களில் வானம் நேராகத் தரையில் வந்து நின்றது. படம் எடுக்க நல்ல இடம்தான். எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. வேனில் செல்வியின் அம்மா யாரோடும் பேசாமல் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நானும் பதற்றமாகத்தான் இருந்தேன். மூன்று நாள் பழகிய குடும்பத்துக்காக இப்படிக் கவலைப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பேரையூர்ச் சாலையிலிருந்து ராசுவின் ஊருக்குத் திரும்பும் முக்குக்குக் கொஞ்சம் முன்பே எல்லோரும் இறங்கினோம். சீர் நடந்துதான் போக வேண்டும். பெண்கள் தட்டுகளைத் தூக்கினார்கள். எனக்கும் பர்ஹானாவுக்கும் ஆளுக்கொரு பழத்தட்டு. மேளம் தொடங்கியது. துரை அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு முன்னால் நடந்தார். அவருடைய கூட்டாளிகள் கிடாய்க்கு மாலை போட்டு இழுத்து வந்தார்கள். முகத்தில் சிரிப்பு இல்லாவிட்டாலும், நடையில் தாய்மாமன் இருந்தார்.

முக்கில் திரும்பினோம்.

இரண்டு கம்புகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேல், நான் எடுத்த படம். கருப்பு வெள்ளையில் துரை அண்ணன், கையில் டம்ளர் இல்லை, அதை வெட்டியிருந்தார்கள். தலையைச் சுற்றி மாலை. இரண்டு பக்கமும் எரியும் விளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'எங்களை விட்டுப் பிரிந்த அன்பு மைத்துனர்' என்று போட்டு, ராசுவின் குடும்பத்தார் எல்லோருடைய பெயரும். பூங்கொடியின் பெயர் இருந்தது. காது குத்தப்போகும் பிள்ளையின் பெயரும் இருந்தது.

மேளம் ஒரே அடியாக நிற்கவில்லை. முன்னால் இருந்தவர் நிறுத்தினார், பின்னால் இருந்தவர்கள் பார்க்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தார்கள். என் கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு கீழே விழுந்தது. "அய்யய்யோ, அது நம்ம படம்" என்று பர்ஹானா மெதுவாகச் சொன்னாள். செல்வி அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டாளிகளில் ஒருவர் கிடாயின் கயிற்றை விட்டுவிட்டு, "நம்மள வரச்சொல்லி அசிங்கப்படுத்துறாங்கெ மாப்ள, வாடா போவோம்!" என்று கத்தினார். செல்வியின் அம்மா தட்டை வைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார். "உசுரோட இருக்கிற பிள்ளைக்கு இப்பிடிப் போட்டுட்டாகளே!"

ஊருக்குள்ளிருந்து ராசு ஓடி வந்தார். வரவேற்கத்தான் ஓடி வந்திருக்கிறார், கையில் சந்தனக் கிண்ணம். ஃப்ளெக்ஸை அப்போதுதான் அவரும் பார்க்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. விடிவதற்குள் கட்டிவிட்டுப் போன ஃப்ளெக்ஸ். காதுகுத்து நடக்கும் கோயிலில் வேலையாக இருந்ததால் இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. சந்தனம் மண்ணில் கொட்டியது. "மச்சான், சத்தியமா நான் இப்பிடிப் போடச் சொல்லல" என்றார்.

ராசு ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். "என்னத்தடா போட்டு வச்சிருக்க?"

"ஏண்ணே, யாரு பேரும் விட்டுப்போச்சா?" என்றது அந்தக் குரல்.

"காதுகுத்துக்கு வரவேற்புடா!"

"காதுகுத்துன்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே. மச்சான் படம் பெருசா வரணும், குடும்பத்துப் பேரெல்லாம் போடு, விடியுமுன்ன முக்குல கட்டிருன்னீக. படம் கருப்பு வெள்ளையில வருது. கருப்பு வெள்ளையில காதுகுத்துக்கு யாருண்ணே படம் குடுப்பா? சின்ன வயசா இருக்கேன்னு எனக்கே மனசு கேக்கல. மாலைய வேற நானாச் சேத்துப் போட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். "அண்ணே, படத்தை எடுத்தது நான். கருப்பு வெள்ளையா மாத்தினதும் நான்தான். ராசு அண்ணனுக்குத் தெரியாதுங்க" என்றேன். செல்வி தரையிலிருந்தே, "அனுப்புனது நானுண்ணே" என்றாள்.

துரை அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிதாக யாருக்கும் தன் முகம் காட்டப்படுவதில்லை.

"இது எப்ப எடுத்தது?" என்றார்.

"பருத்திப்பால் கடையிலண்ணே. செல்வி அவ அக்காகூடப் போன்ல பேசிட்டு இருந்தப்போ."

அவர் மீசையைத் தடவினார். முகம் சிவந்திருந்தது. கூட்டாளி மறுபடியும், "வாடா மாப்ள, திரும்புவோம்" என்றார். அம்மா அழுதுகொண்டே இருந்தார்.

"விடும்மா" என்றார் துரை அண்ணன். "இவுககூடப் பேசாமத் திரிஞ்சானே ஒருத்தன், அவனுக்குப் போட்டதா இருந்துட்டுப் போகட்டும்." பிறகு ராசுவைப் பார்த்தார். "அந்தப் பக்கத்துக் கயித்த அவுத்துவிடுங்க மாப்ள. இந்தப் பக்கம் நான் அவுக்கிறேன்."

பெரிய ஃப்ளெக்ஸை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். பாதியாக மடித்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். முனையை ராசு கையில் கொடுத்துவிட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு துரை அண்ணன் பின்னால் போனார், மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது ராசு அவர் கையை விடவில்லை. அதையும் எடுத்தேன். ஆசிரியைக்கு அனுப்பிய பத்தில் அது ஒன்று, கலரில்.

"மச்சான், இத என்ன செய்ய?" என்றார் ராசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வண்டியில போடுங்க. மழை வந்தா வெங்காயத்த மூட ஆகும்."

இதற்குள் சத்தம் கேட்டு ஊர்ப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பூங்கொடி வந்தாள், பட்டுப்புடவையில், இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையோடு. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அழுதிருந்தாள். அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மடித்த ஃப்ளெக்ஸையே இன்னும் ஒரு மடிப்பு மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையிலிருந்த அந்தக் கட்டையும், அதில் வெளியே தெரிந்த பாதி மீசையையும் பார்த்தாள்.

"மொகம் இருக்கிற பக்கத்த உள்ள வச்சு மடிண்ணே" என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள்.